ஏஐ வந்தால் டெல்டா மாதிரி ஊர்களின் பொருளாதாரம் என்ன ஆகும்?

கேள்வி கேட்டவர் திருத்துறைப்பூண்டிக்காரர். தங்கை பி.காம் முடித்துவிட்டு ஆடிட்டர் அலுவலகத்தில் பில் என்ட்ரி வேலை பார்க்கிறாராம். அந்த வேலை நிற்குமா, நம் பக்கத்து ஊர்களுக்கு ஏஐயால் லாபமா நஷ்டமா என்று கேட்டிருக்கிறார்.

நான் மன்னார்குடி பக்கம். வீட்டிலிருந்தே ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கிறேன். விவசாயக் கையேடு, பேங்க் படிவம், மருந்துக் குறிப்பு. என் வருமானத்தில் ஏஐ ஏற்கெனவே கை வைத்துவிட்டது. ஆனால் இதை நான் பார்ப்பது இரண்டாவது தடவை. அதைச் சொன்னால்தான் பதில் புரியும்.

எங்கள் ஊர் வயலில் அறுப்பு மெஷின் முதலில் இறங்கியபோது நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். அம்மா அறுப்புக்குப் போகிறவர். பதினைந்து பெண்கள் சேர்ந்த செட். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிவிட்டு இறங்குவார்கள். அறுத்து, அரி காயப்போட்டு, கட்டுக் கட்டி, தலையில் தூக்கிக் களத்தில் சேர்த்து, அடித்துத் தூற்றி முடித்தால் மரக்காலில் அளந்து கூலி நெல். தை மாதம் வந்த அந்த நெல்தான் பல மாதத்துக்கு எங்கள் வீட்டுச் சோறு. மெஷின் அத்தனை வேலையையும் ஏக்கருக்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் முடித்தது. அம்மாவை யாரும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. அடுத்த தையில் கூப்பிட ஆள் வரவில்லை, அவ்வளவுதான்.

ஏஐயும் இப்படித்தான் வருகிறது. சாட்ஜிபிடி வெளியானது 2022 நவம்பர் 30. அதற்கப்புறம் எனக்கும் யாரும் வேலை இல்லை என்று சொல்லவில்லை. மெஷின் மொழிபெயர்த்ததையே அனுப்பி, "சும்மா ஒரு தடவை பார்த்துக் கொடுங்க மேடம்" என்றார்கள். சொல்லுக்கான கூலி பாதிக்கும் கீழே போனது. 2024 ஜனவரியில் சர்வதேச நாணய நிதியம், உலக வேலைகளில் சுமார் 40 சதவீதத்தை ஏஐ தொடும் என்றது. தொடும் என்றால் பறிக்கும் என்று பொருளில்லை. என் வேலை போல, பெயர் அப்படியே இருந்து கூலி மட்டும் இறங்குவதும் அந்தக் கணக்கில் அடங்கும்.

சரி, அந்த மெஷின் தமிழ் எப்படி இருக்கிறது? போன மாதம் ஒரு நெல் சாகுபடிக் குறிப்பு வந்தது. வாக்கியமெல்லாம் சுத்தம். நடுவில் ஓரிடத்தில் "ஒரு மலைக்கு இத்தனை உழவர்கள்" என்று இருந்தது. குத்துக்கு (ஒரே இடத்தில் சேர்த்து நட்ட நாற்றுக்கு) இத்தனை தூர் (அதிலிருந்து கிளைக்கும் தண்டு) என்று வர வேண்டிய இடம். ஆங்கிலத்தில் குத்துக்கும் மலைக்கும் ஒரே சொல், தூருக்கும் உழுபவருக்கும் ஒரே சொல். நடவு வயலில் நின்றவருக்கு அது உடனே கண்ணில் படும். அதே பக்கத்தில் யூரியா அளவும் இருந்தது. அங்கே ஒரு புள்ளி இடம் மாறியிருந்தால் விவசாயிக்குப் பணமும் பயிரும் நஷ்டம். அந்த ஒரு பக்கத்தைச் சரிபார்க்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. புதிதாக எழுதியிருந்தாலும் அவ்வளவுதான் ஆகியிருக்கும்.

இதனால்தான் "நாட்டின் உற்பத்தி தாறுமாறாக எகிறும்" என்கிற பேச்சை நான் நம்பவில்லை. மெஷின் வந்து அறுப்பு வேகமானது, உண்மை. ஆனால் ஊர் மொத்தமும் ஒரே வாரத்தில் அறுத்து, நெல் முழுவதும் ஒரே நேரத்தில் கொள்முதல் நிலையத்து வாசலில் குவிந்தது. அங்கே ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். சாக்கு வர வேண்டும், லாரி வர வேண்டும். ஒரு மணி நேரத்தில் அறுத்த நெல், தார்ப்பாய்க்கடியில் பத்து நாள் மழைக்குப் பயந்து கிடக்கும். ஒரு கண்ணி வேகமானால் நெருக்கடி அடுத்த கண்ணிக்குப் போகிறது. 2024-இல் பொருளாதார நோபல் பெற்ற மூவரில் ஒருவரான டாரன் அசெமோக்லு, அமெரிக்காவை வைத்துப் போட்ட கணக்கில், ஏஐயால் 10 ஆண்டுகளில் கூடும் மொத்த உற்பத்தித்திறன் 0.66 சதவீதத்தைத் தாண்டாது என்றார். அந்தக் கணக்கோடு சண்டை போடுகிற பொருளாதார அறிஞர்களும் உண்டு. எனக்குக் கொள்முதல் நிலைய வாசல்தான் ஞாபகம் வருகிறது.

எனக்கு உண்மையான கவலை வேறு. எரிக் பிரின்யோல்ஃப்சன் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞரும் இன்னும் இருவரும் 2023-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வாடிக்கையாளர் சேவையில் இருந்த 5,179 பேரைப் பார்த்தார்கள். ஏஐ உதவியால் சராசரி வேலைத்திறன் 14 சதவீதம் கூடியது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு 34 சதவீதம். அனுபவசாலிகளுக்குப் பெரிய மாற்றம் இல்லை. ஏனென்றால் அந்த ஏஐ கற்றதே திறமையாகப் பேசியவர்களின் உரையாடல்களிலிருந்துதான். புதியவர்கள் சீக்கிரம் தேறுவது நல்ல விஷயம். ஆனால் கற்றுக்கொடுத்த பழைய ஆளுக்கு அதில் பங்கு எங்கே? என் போன்றவர்கள் இத்தனை வருஷம் எழுதிய தமிழும் அப்படித்தான் உள்ளே போயிருக்கிறது.

அப்புறம், ஆரம்ப வேலை. நடவு நட நான் கற்றது அம்மாவுக்குப் பக்கத்தில் வரிசைக் கடைசியில் நின்று. கோணலாக நட்டால் அம்மா பிடுங்கித் திரும்ப நடுவார். கூலி நிச்சயமில்லாமல் போனதும் பிள்ளைகள் திருப்பூருக்குப் போனார்கள், வரிசைக் கடைசியில் நிற்க ஆள் இல்லை. இன்று டெல்டாவில் பல இடங்களில் நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அலுவலகங்களும் பில் என்ட்ரிப் பிள்ளைகளை எடுப்பதை நிறுத்தினால், பத்து வருஷம் கழித்து விவரம் தெரிந்த கணக்காளர் எங்கிருந்து வருவார்?

உங்கள் தங்கையிடம் ஒன்று சொல்லுங்கள். பில்லைப் படித்து ஏற்றுவதை மென்பொருள் செய்துவிடும். ஜிஎஸ்டிஆர்-2பி-யில் (சரக்கு விற்றவர்கள் தாக்கல் செய்த பில்கள் ஜிஎஸ்டி தளத்தில் தானாக வரும் பட்டியல்) வராத பில்லைக் கண்டுபிடித்து, சரக்கு அனுப்பிய கடைக்காரருக்கு போன் போட்டு, அவரைக் கணக்கு தாக்கல் செய்ய வைப்பது இன்னும் ஆள் வேலைதான். அதை இப்போதே கேட்டு வாங்கிச் செய்யச் சொல்லுங்கள்.

அரசும் சும்மா இருக்கக் கூடாது. வேளாண் பொறியியல் துறை அரசு வாடகைக்கு மெஷின் தருவதால், தனியார் கேட்ட வாடகையைக் கொடுத்தே தீர வேண்டும் என்ற நிலை கொஞ்சமாவது தளர்ந்தது. ஏஐயிலும் அப்படி ஒரு பொது ஏற்பாடு வேண்டும். இந்திய மொழிகளுக்கான மத்திய அரசின் மொழிபெயர்ப்புத் திட்டமான பாஷிணி 2022-இல் வந்தது, சென்னை ஐஐடியில் இந்திய மொழிகளுக்கு ஏஐ உருவாக்கும் ஏஐ4பாரத் குழு வேலை செய்கிறது. இவை வளர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். இல்லாவிட்டால் மாதச் சந்தா என்று நம் ஊர்ப் பணம் வெளியே போய்க்கொண்டே இருக்கும்.

கூலி பேசுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மெஷின்காரர் மணிக் கணக்கில் வாங்குகிறார். நெல் சாய்ந்திருந்தாலும், சேற்றில் செயின் வண்டி திணறினாலும், கூடுதல் நேரத்துக்கு விவசாயிதான் பணம் தர வேண்டும். அம்மா செட்டுக்கு ஏக்கர் கணக்கு. சாய்ந்த நெல்லை இரண்டு நாள் கூடுதலாகக் குனிந்து அறுத்தாலும் பேசின கூலிதான். இதை யோசித்த பிறகு, எனக்கு வேலை தரும் இரண்டு ஏஜென்சிகளிடமும் சொல் கணக்கு வேண்டாம், மணிக் கணக்கு கொடுங்கள் என்று கேட்டேன். ஒன்று வேலை அனுப்புவதையே நிறுத்திவிட்டது. இன்னொன்று ஒத்துக்கொண்டது, "ஒரு மலைக்கு இத்தனை உழவர்கள்" பக்கத்துக்குச் செலவான முக்கால் மணி நேரத்தையும் போன மாத பில்லில் ஏற்றினேன், பணம் வந்துவிட்டது.