புனலில் எரிந்த கரி

கேள்வி: செய்திகளில் ஒரு நாள் 'மெகாவாட்' என்கிறார்கள், மறுநாள் 'யூனிட்' என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: இல்லை. மெகாவாட் என்பது மின்சாரம் உற்பத்தியாகும் வேகம்; பஸ்ஸின் வேகம் மாதிரி. யூனிட் என்பது உற்பத்தியான மின்சாரத்தின் மொத்த அளவு; பஸ் கடந்த தூரம் மாதிரி. ஒரு மெகாவாட், அதாவது ஆயிரம் கிலோவாட், ஒரு மணி நேரம் ஓடினால் ஆயிரம் யூனிட். கூடங்குளத்தில் ஓர் அணு உலையின் திறன் 1,000 மெகாவாட். நாள் முழுக்க முழுத் திறனில் ஓடினால் 2 கோடியே 40 லட்சம் யூனிட் கிடைக்கும். 'தினமும் 1,000 மெகாவாட் உற்பத்தி' என்று எழுதுவது, 'தினமும் 80 கிலோமீட்டர் வேகம் போனார்' என்பதைப் போன்றது. போதாக்குறைக்கு, அந்த உலையையே 'முதல் யூனிட்' என்றும் எழுதுகிறோம்!

பிறரைச் சொல்வானேன்? உதவி ஆசிரியராகச் சேர்ந்த புதிதில், 'மேட்டூர் புனல் மின் நிலையத்தில் நிலக்கரித் தட்டுப்பாடு' என்று தலைப்பிட்டவன் நான். அனல் என்றால் நெருப்பு, புனல் என்றால் நீர். மேட்டூரில் இரண்டு வகை நிலையங்களும் இருப்பதால் மெய்ப்புப் பார்த்தவர் கண்ணிலும் படவில்லை. மறுநாள் செய்தி ஆசிரியர், "தண்ணீரில் கரி எரித்த தம்பி எங்கே?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார்.

'நாளை மின்தடை' என்ற அறிவிப்பும் அப்படித்தான். பள்ளி இயற்பியலில் மின்தடை என்பது ஓமில் அளக்கப்படுவது. என் பேத்தி அதைப் படித்துவிட்டு, "எத்தனை ஓம், தாத்தா?" என்றாள். ஒருமுறை 'மின் நிறுத்தம்' என்று மாற்றிப் போட்டேன். "அப்படியென்றால் மின்தடையா சார்?" என்று போன் வந்தது.