பூட்டிய வீட்டுக்குள் ஈரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்டுட்கார்ட்டில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். மனைவி வந்து ஒரு வருடம் ஆகிறது. வெள்ளிக்கிழமை மாலை கிளம்பினால் ஞாயிறு இரவுதான் வீடு. பாரிஸ், பிராக், வெனிஸ், ஆம்ஸ்டர்டாம், புடாபெஸ்ட் எல்லாம் முடித்துவிட்டோம். மார்ச்சுக்குள் இன்னும் நான்கு நகரங்கள் பார்த்துவிட ஆசை. எவை என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். டிக்கெட் பற்றியும் யோசனை இருந்தால் சொல்லுங்கள். மனைவிக்கு ஏனோ இப்போதெல்லாம் பயணத்தில் உற்சாகம் இல்லை. படுக்கையறையில் அலமாரிக்குப் பின்னால் சுவர் கறுத்துப் பூஞ்சை பிடித்திருக்கிறது. உங்கள் சமையல்தான் காரணம் என்கிறார் வீட்டுக்காரர். இது நிறவெறிதானே? அன்றிலிருந்து அவள் இட்லி சாம்பார் வைப்பதையே விட்டுவிட்டாள். கொஞ்சம் இருமலும் இருக்கிறது.

பெயர் வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். முழுக் கடிதத்தில் நகரங்களுக்கு இரண்டு பக்கம். இருமலுக்கு ஒரே வரி, அதுவும் கடைசி வரி. நான் அந்தக் கடைசி வரிக்குத்தான் பதில் எழுதுகிறேன். ஐரோப்பாவுக்குப் போகும் நம் பிள்ளைகள் ஊரையெல்லாம் சுற்றிவிட்டு, குடியிருக்கும் வீட்டை மட்டும் தெரிந்துகொள்ளாமல் இருக்கிறார்களே என்று கொஞ்ச நாளாகவே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் சுவர் அதற்கு வாகாக வந்து சேர்ந்தது.

நகர விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். நான்கு நகரங்கள் சொல்ல மாட்டேன். மாதம் 63 யூரோவுக்கு டாய்ச்லாண்ட் டிக்கெட் இருக்கிறது. 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கியது, 2026 ஜனவரியிலிருந்து இந்த விலை. வட்டார ரயில், எஸ்-பான் என்ற நகர்ப்புற ரயில், டிராம், பஸ் எல்லாவற்றிலும் செல்லும். ஐசிஇ, ஐசி என்ற தொலைதூர விரைவு ரயில்களில் செல்லாது. வேண்டாமென்றால் மாதத்தின் பத்தாம் தேதிக்குள் ரத்து செய்யுங்கள், தவறினால் அடுத்த மாதத்துக்கும் பணம் போகும். அதை வைத்துக்கொண்டு டூபிங்கன் போங்கள், எஸ்லிங்கன் போங்கள், ஊல்ம் வழியாகப் போதன் ஏரிக்கரையில் ஃபிரீட்ரிஷ்ஹாஃபன் வரை போங்கள். காலையில் போய் இரவு வீட்டில் படுக்கலாம். ஸ்டுட்கார்ட் ரயில் நிலையத்தில் 2010-இல் தொடங்கிய கட்டுமானம் நடந்துகொண்டே இருக்கிறது, ஆகவே கிளம்பும் அன்று காலையில் ஆப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். எல்லை தாண்டினால் இருவரும் பாஸ்போர்ட்டும் வதிவிட அட்டையும் அசலாகக் கையில் வைத்திருக்க வேண்டும். கைபேசியில் இருக்கும் படம் செல்லாது. 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை வைத்திருக்கிறது. இவ்வளவுதான்.

இனி சுவருக்கு வருவோம். வீட்டுக்காரர் சொல்வது தப்பு. நீங்கள் சொல்வதும் தப்பு. ஜெர்மனியில் நிறவெறி கிடையாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது இந்தச் சுவரில் இல்லை. மாடியில் இருக்கும் ஜெர்மன்காரர் வீட்டில் பூஞ்சை பிடித்தால் அவரிடமும் வீட்டுக்காரர் ‘நீங்கள் சரியாக ஜன்னல் திறப்பதில்லை’ என்றுதான் சொல்லுவார். உங்களுக்குச் சமையலையும் சேர்த்துச் சொன்னார், அது அவருடைய அறியாமை. மசாலா வாசனை வேறு, ஈரம் வேறு. வாசனை சுவரில் கறுப்பாகப் படியாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள், மென்பொருள்காரருக்குக் கணக்கு கசக்காது. இருபது டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 17 கிராம் நீராவியைத்தான் தாங்கும். அறுபது சதுர மீட்டர் வீடு, இரண்டரை மீட்டர் உயரம், ஆக 150 கன மீட்டர். வீட்டுக் காற்று முழுக்கச் சேர்ந்து தாங்கக்கூடியது சுமார் இரண்டரை லிட்டர் தண்ணீர். ஒரு ஈடு இட்லி வெந்து இறங்குவதற்குள் வெளியே வரும் ஆவி கால் லிட்டர் இருக்கலாம். இரண்டு பேர் இரவு முழுக்க ஒரே அறையில் தூங்கினால் மூச்சிலும் வியர்வையிலும் அரை லிட்டருக்குக் குறையாது. அடுத்ததுதான் முக்கியம். ஐந்து கிலோ துணியை 1400 சுற்றில் பிழிந்து எடுத்தாலும் அதில் இரண்டு, இரண்டரை லிட்டர் தண்ணீர் மிச்சம் இருக்கும். அதாவது ஒரு தடவை துவைத்த துணி, உங்கள் வீட்டுக் காற்று மொத்தமாகத் தாங்கும் அளவு ஈரத்தைத் தன்னிடம் வைத்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை என்ன செய்கிறீர்கள்? நான் சுருக்கியதில் விடுபட்ட பகுதியில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பெருமையோடு. காலையில் மெஷினைப் போட்டு, மாலையில் துணியைப் படுக்கையறையில் ஸ்டாண்டில் விரித்துவிட்டு, ஹீட்டர் எல்லாவற்றின் திருகையும் பனி நட்சத்திரக் குறிக்கு, அதாவது கிட்டத்தட்ட அணைத்த நிலைக்குத் திருப்பி, ஜன்னல்களைச் சாத்திப் பூட்டிவிட்டு வண்டி ஏறுகிறீர்கள். எரிவாயு மிச்சமாம். குற்றவாளி இட்லிச் சட்டி அல்ல ஐயா, அந்த ஸ்டாண்டும் அந்தத் திருகும்தான்.

கிளம்பும்போது அறையில் இருபது டிகிரி, ஈரப்பதம் 55 சதவீதம் என்று வைப்போம். யாரும் குறை சொல்ல முடியாத அளவு. கன மீட்டருக்கு ஒன்பதரை கிராம் நீராவி. ஹீட்டர் இல்லாமல் சனிக்கிழமை இரவுக்குள் அறை பதினான்கு டிகிரிக்கு இறங்குகிறது. பதினான்கு டிகிரிக் காற்று தாங்குவது 12 கிராம்தான். துணியிலிருந்து ஒரு சொட்டு வராவிட்டாலும் ஈரப்பதம் இப்போது கிட்டத்தட்ட 80. அலமாரிக்குப் பின்னால் உள்ள வெளிச்சுவரோ இன்னும் குளிர்ந்தது, ஏனென்றால் அறையின் சூடு அங்கே போய்ச் சேர அலமாரி விடுவதில்லை. அந்த இடம் பத்து டிகிரி என்றால், அங்கே காற்று 9.4 கிராமுக்கு மேல் தாங்காது. ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளர் வியர்ப்பதுபோலச் சுவர் வியர்க்கத் தொடங்கும். பூஞ்சைக்கு அவ்வளவுகூட வேண்டாம். சுவர்ப்பரப்பை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்தில் சில நாள் நின்றாலே போதும், தண்ணீர் கண்ணுக்குத் தெரிய வேண்டியதில்லை. இதன் மேல் உங்கள் துணியின் இரண்டு லிட்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு இரவு வந்ததும் ஹீட்டரை ஐந்தில் வைக்கிறீர்கள், சீக்கிரம் சூடாகட்டும் என்று. ஆகாது. அந்த எண்கள் வேகத்தைக் காட்டுவதில்லை, எந்த வெப்பத்தில் நிற்க வேண்டும் என்பதைக் காட்டுகின்றன. ஒன்று ஏறக்குறைய 12 டிகிரி, இரண்டு 16, மூன்று 20, நான்கு 24, ஐந்து 28. மூன்றில் வைத்தாலும் ஐந்தில் வைத்தாலும் இருபதை எட்ட ஒரே நேரம்தான். காற்று முதலில் சூடாகும், சுவர் நாள் கழித்துத்தான் சூடாகும். அந்த இடைவெளியில் குளித்து, ரசம் வைத்து, தூங்கி, எல்லா ஆவியையும் குளிர்ந்த சுவருக்குக் கொடுக்கிறீர்கள்.

செய்ய வேண்டியது இது. பத்து யூரோவுக்குக் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்றை வாங்கிப் படுக்கையறையில் வையுங்கள். குளிர்காலத்தில் நாற்பதுக்கும் ஐம்பத்தைந்துக்கும் நடுவில் இருக்கட்டும், அறுபதைத் தொட்டால் ஜன்னலைத் திறங்கள். திறப்பது என்றால் கைப்பிடியை மேலே திருப்பி ஜன்னலைச் சாய்த்து வைப்பதில்லை. இந்தச் சாய்ப்புதான் நம்மவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு. மணிக்கணக்கில் சாய்ந்திருக்கும் ஜன்னலில் காற்று மெல்லத்தான் மாறும், ஆனால் ஜன்னலைச் சுற்றியுள்ள சுவர் நன்றாகக் குளிர்ந்துபோகும். அடுத்த பூஞ்சை அங்கே வரும். முதலில் ஹீட்டரைக் குறையுங்கள், இல்லாவிட்டால் குளிர்காற்று பட்டுத் திருகு முழுக்கத் திறந்துகொள்ளும். பிறகு எதிரெதிர் ஜன்னல்களை அகலத் திறந்து, நடுவில் உள்ள கதவுகளையும் திறந்து, ஐந்து முதல் பத்து நிமிடம். காலை எழுந்ததும் ஒரு முறை, மாலை, படுக்கும் முன். வீட்டில் துணி உலர்ந்தால் இன்னும் கூடுதலாக.

வெளியே பூஜ்ஜியம் டிகிரியில் காற்றிடம் கன மீட்டருக்கு நான்கு கிராம்தான் இருக்கும். உள்ளே பத்து கிராம். ஒருமுறை முழுக்க மாற்றினால் சுமார் ஒரு லிட்டர் ஈரம் வெளியே போய்விடும். மழை பெய்கிறதே, திறந்தால் ஈரம் உள்ளே வராதா என்று கேட்பீர்கள், எல்லோரும் கேட்கிறார்கள். ஐந்து டிகிரி மழைக்காற்று முழு ஈரத்தோடு இருந்தாலும் அதில் 7 கிராமுக்கு மேல் இல்லை. அது உள்ளே வந்து இருபது டிகிரிக்குச் சூடானால் ஈரப்பதம் நாற்பது. ஜனவரி மழை உங்கள் வீட்டைக் காயவைக்கும். கோடையில் நிலவறைக்கு மட்டும் இது தலைகீழ்.

அடுப்புக்கு மேலே இருக்கும் ஹூட்டைப் பாருங்கள். வாடகை வீடுகளில் பெரும்பாலும் காற்றை உறிஞ்சிக் கரி வழியாக வடிகட்டி அறைக்குள்ளேயே திருப்பிவிடும் வகைதான் இருக்கும். அது எண்ணெயைப் பிடிக்கும், வாசனையைக் குறைக்கும், ஆவியை ஒன்றும் செய்யாது. ஆகவே சமைக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்துங்கள், அந்த ஜன்னலை மட்டும் திறங்கள். குளித்ததும் அதேபோல. அலமாரியைச் சுவரிலிருந்து ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் நகர்த்துங்கள். முடிந்தால் உள்சுவர்ப் பக்கம் மாற்றுங்கள். துணிக்கு, உங்கள் கட்டடத்தின் நிலவறையிலோ பரணிலோ உலர்த்தும் அறை இருக்கிறதா என்று விசாரியுங்கள், பழைய கட்டடங்களில் பெரும்பாலும் உண்டு. ஊருக்குப் போகும்போது ஹீட்டர் இரண்டில் இருக்கட்டும், துணி விரித்திருக்கக் கூடாது, கிளம்பும் முன் பத்து நிமிடம் காற்றை மாற்றிவிட்டுப் பூட்டுங்கள்.

இருக்கும் கறையை முதலில் படம் எடுங்கள், பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து. அரைச் சதுர மீட்டருக்குள் இருந்தால் நீங்களே துடைக்கலாம்: 70 முதல் 80 சதவீத எத்தனால், கையுறை, முகக்கவசம், கண்ணாடி, ஜன்னல் திறந்தபடி, பக்கத்தில் நெருப்பு கூடாது. துடைத்த துணியைக் குப்பையில் போட்டுவிடுங்கள். வினிகர் வேண்டாம். சுண்ணாம்புச் சுவர் அதன் புளிப்பை முறித்துவிடும், மிச்சம் பூஞ்சைக்கே உணவு. அரைச் சதுர மீட்டருக்கு மேல் என்றால் தொடாதீர்கள், அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள். எதுவானாலும் அந்த அறையில் இனி ஒரு இரவுகூட உங்கள் மனைவியைப் படுக்கவிடாதீர்கள். திங்கட்கிழமை காலையில் குடும்ப மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், சுவரின் படத்தையும் காட்டுங்கள்.

தங்கைக்கு ஒரு வார்த்தை. இட்லிச் சட்டியை எடுத்து அடுப்பில் வையம்மா. ஒரு வருடமாக, கணவர் ஆபீஸ் போன வீட்டில் ஐந்து நாள் தனியாக இருந்துவிட்டு, ஆறாம் நாள் யாரோ போட்ட பட்டியலைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாய். எங்கே போகலாம் என்று உன்னை ஒரு தடவையாவது கேட்டாரா என்று கடிதத்தில் தேடினேன், இல்லை. மாவு குளிரில் புளிக்கவில்லை என்றால், சூடாக்காத ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு இரவு முழுக்க வைத்துப் பார்.

நண்பரே, ‘கேர்வோகெ’, அதாவது பெருக்கும் வாரம், என்று ஒரு பலகை உங்கள் கதவில் வந்து தொங்குமே, அந்த வேலையை யார் செய்கிறார்கள்? முறைப்படி அந்த வாரம் படிக்கட்டைப் பெருக்கித் துடைத்து, சனிக்கிழமைக்குள் முடித்து, பலகையை அடுத்த வீட்டுக் கதவில் மாட்ட வேண்டும். மாநகராட்சி இதைக் கட்டாயமாக வைத்திருந்ததை 1988-இல் கைவிட்டது. வாடகை ஒப்பந்தங்களில் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. நீங்கள் சனிக்கிழமைகளில் பிராகில் இருந்தீர்கள். எதிர்வீட்டுக் கிழவி உங்களுக்கு வணக்கம் சொல்வதில்லை என்று முழுக் கடிதத்தில் எழுதிய புகாருக்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

வீட்டுக்காரருக்கு எழுதுவதைத் தள்ளிப்போடாதீர்கள். குறையைக் கண்டதும் தெரிவிக்க வேண்டும் என்கிறது ஜெர்மன் சிவில் சட்டத்தின் 536 சி பிரிவு. தாமதத்தால் சேதம் பெருகினால் அது உங்கள் தலையில் விடியும். தேதியோடு, படத்தோடு, சரிசெய்யக் கெடு வைத்து, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அன்றிலிருந்து ஈரப்பதமானி காட்டும் எண்ணைக் காலை மாலை குறித்து வையுங்கள். வழக்கு என்று வந்தால், கட்டடத்தில் குறை இல்லை என்பதை முதலில் வீட்டுக்காரர்தான் காட்ட வேண்டும். ஆனால் 2018 டிசம்பரில் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் ஒரு விஷயம் சொன்னது: கட்டிய காலத்து விதிப்படி கட்டிய பழைய வீட்டில் சுவர் எளிதில் குளிர்வதை மட்டும் வைத்து அதைக் குறை என்று சொல்ல முடியாது, தினம் இரண்டு முறை கால் மணி நேரமோ மூன்று முறை பத்து நிமிடமோ ஜன்னல் திறக்கும்படி குடியிருப்பவரிடம் எதிர்பார்க்கலாம் என்று. உங்கள் வீடு எந்த ஆண்டு கட்டியது என்று கேட்டு வையுங்கள். கோபத்தில் வாடகையைக் குறைத்துவிடாதீர்கள். பாக்கி இரண்டு மாத வாடகை அளவுக்குச் சேர்ந்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்லும் உரிமை அவருக்கு வந்துவிடும். முழு வாடகையையும் கட்டி, ‘உரிமையை விட்டுக்கொடுக்காமல் கட்டுகிறேன்’ என்று எழுத்தில் தெரிவியுங்கள். அதற்கான ஜெர்மன் வாசகத்தை ஸ்டுட்கார்ட் வாடகைதாரர் சங்கத்தில் எழுதித் தருவார்கள். சேர்ந்ததும் ஆலோசனை கிடைக்கும், வழக்குச் செலவுக் காப்பீட்டுக்கு மட்டும் சில மாதம் காத்திருக்க வேண்டியிருக்கும். ஆகவே இந்த வாரமே சேருங்கள்.