பத்தடி ஹாலுக்கு 55 இன்ச் டிவியா, 65 இன்ச்சா? எதைப் பார்த்து வாங்குவது?

காட்பாடியில் பத்தடி அகல ஹால், பழைய 32 இன்ச்சை மாற்ற வேண்டும், கடைக்காரர் 65-ஐத்தான் தள்ளுகிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சத்துவாச்சாரி. எங்கள் ஹாலும் அதே அகலம்தான். இரண்டு வருடம் முன்னால் ஆடி ஆஃபரில் 55 வாங்கி, கொஞ்சம் சூடும் பட்டவன். அதனால் பேனல், அதாவது திரை வகைக் கதை அப்புறம். முதலில் பழைய நியூஸ் பேப்பரும் செல்லோ டேப்பும் எடுங்கள்.

டிவியின் இன்ச் கணக்கு மூலைக்கு மூலை. 55 என்றால் சுவரில் 4 அடி அகலம், இரண்டேகால் அடி உயரம். 65 என்றால் 4 அடி 9 அங்குலம் அகலம், 2 அடி 8 அங்குலம் உயரம். அந்த அளவுக்குப் பேப்பரைச் சேர்த்து ஒட்டிச் சுவரில் மாட்டிவிட்டு, தினமும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். இரண்டு நாள் இருக்கட்டும். வீட்டில் கிண்டல் செய்வார்கள், செய்யட்டும். தூரத்துக்குப் பரவலாகச் சொல்லும் ஒரு கணக்கு உண்டு: திரை அளவைப் போல 1.6 மடங்கு. 55-க்கு 7 அடி 4 அங்குலம், 65-க்கு 8 அடி 8 அங்குலம். சோபா போக உங்கள் ஹாலில் கண்ணுக்கும் திரைக்கும் நடுவே எட்டு, எட்டரை அடி மிஞ்சும். இந்தக் கணக்குப்படி 65 கூட ஒப்பேறிவிடும். ஆனால் அதில் என்ன பார்க்கப் போகிறீர்கள் என்பதுதான் பெரிய கேள்வி.

கடையில் ஓடுவது பூ, கடல், தேன் சொட்டு. கம்பெனியே 4கேயில் எடுத்துக் கொடுத்தது. போதாக்குறைக்கு 'விவிட்' மோடில் கலரை ஏற்றி வைத்திருப்பார்கள். ஆற்காட்டு மக்கன் பேடா மாதிரிதான். ஒன்று அமிர்தம், நாலாவது திகட்டும். எங்கள் வீட்டில் முதல் நாள் கேபிளைச் சொருகியதும் அம்மா கேட்டது: "இன்னாடா இது, நியூஸ் படிக்கிற பொண்ணு மூஞ்சி மெழுவு மாதிரி கீது?"

அம்மா சொன்னது சரி. 4கே திரையில் 3840-க்கு 2160, கிட்டத்தட்ட 83 லட்சம் புள்ளிகள். எஸ்டி, அதாவது பழைய சாதாரணத் தர கேபிள் பாக்ஸ் அனுப்புவது 720-க்கு 576. வகுத்துப் பார்த்தால் சரியாக இருபதில் ஒரு பங்கு. மீதி பத்தொன்பதையும் டிவி தானாக ஊகித்து நிரப்ப வேண்டும். திரை பெரிதாகப் பெரிதாக அந்த ஊகம் பல்லைக் காட்டும்.

கேபிள்காரரைக் கூப்பிட்டு எச்டி பாக்ஸ் மாற்றினோம். மாத வாடகை ஏறியது, படம் ஏறவில்லை. ஒரு வாரம் டிவியைத் திட்டினேன். பிறகு ஞாயிற்றுக்கிழமை ஒட்டடை அடிக்கும்போதுதான் பின்னால் பார்த்தேன்: புது பாக்ஸையும் பழைய மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரிலேயே மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். அந்த மஞ்சள் ஒயரில் எச்டி வரவே வராது. ஒரு எச்டிஎம்ஐ ஒயர் வாங்கி மாற்றினேன், ஸ்க்ரோலிங்கில் ஓடும் எழுத்து பளிச்சென்று வந்தது. யூடியூப், ஓடிடி மட்டும் பார்க்கிற வீடு என்றால் 65-க்குத் தாராளமாகப் போகலாம். நாள் முழுக்க எஸ்டி கேபிளில் சீரியல் ஓடுகிற வீட்டுக்கு 55-ஏ அதிகம்.

கடைக்குப் போகும்போது பென் டிரைவில் உங்கள் வீட்டு கல்யாண வீடியோவைப் போட்டுக்கொண்டு போங்கள். தெரிந்த முகம் என்றால் தோல் நிறம் சரியா என்று உடனே கண்ணுக்குத் தெரியும். 'சினிமா' மோடுக்கு மாற்றச் சொல்லுங்கள். அப்புறம் நேராக நிற்காமல், பக்கவாட்டில் போய் நில்லுங்கள். இதைத்தான் நான் செய்யவில்லை. எங்கள் நைனாவின் ஈசி சேர் வாசல் ஓரம். தெருவில் யார் போகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும், டிவியும் பார்க்க வேண்டும். நான் வாங்கியது விஏ என்ற வகை எல்சிடி பேனல். நேரே பார்த்தால் கறுப்பு நல்ல கறுப்பு, அவர் இடத்திலிருந்து பார்த்தால் கலர் வெளுத்துவிடும். ஐபிஎஸ் என்ற இன்னொரு வகையில் இது தலைகீழ்: பக்கவாட்டில் நன்றாகத் தெரியும், இருட்டுக் காட்சியில் கறுப்பு சாம்பலாகும். இரண்டும் நன்றாக வேண்டுமென்றால் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி, விலை எகிறும். கியூஎல்இடி என்றதும் அதுவும் ஓஎல்இடி மாதிரி என்று நினைக்க வேண்டாம். பின்னால் விளக்கு எரியும் சாதா எல்சிடி வகைதான், கலர் மட்டும் கூடுதல். நான் கடைசியில் திருப்பக்கூடிய வால் பிராக்கெட் வாங்கி நைனா பக்கம் லேசாகத் திருப்பி வைத்தேன்.

சுவரில் மாட்டாமல் மேசைமேல் வைப்பதாக இருந்தால் காலைப் பாருங்கள். நிறைய மாடல்களில் கால் இரண்டும் ஓரத்தில் இருக்கும். எங்கள் ஸ்டாண்டு மூன்றடி, கால் அதில் அடங்கவில்லை. இன்ஸ்டால் செய்ய ஆள் வரும்வரை இரண்டு நாள் புது டிவி பெட்டியோடு சுவரில் சாய்ந்து நின்றது. பழைய சிமெண்ட் ஷோகேஸ் பொந்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அது 21 இன்ச் காலத்துச் சங்கதி. மாட்டும்போது திரையின் நடு, உட்கார்ந்தால் கண் மட்டத்துக்கு வரட்டும். பரணுக்குக் கீழே மாட்டினால் கழுத்துவலி இலவசம். எதிரே ஜன்னலோ டியூப் லைட்டோ இருந்தால் இடத்தை மாற்றுங்கள். நம்மூர் வெயிலுக்குப் பகலில் படத்துக்குப் பதில் ஜன்னல் கம்பிதான் தெரியும்.

கரண்டுக்குப் பயப்பட வேண்டாம். 120 வாட் டிவி தினம் 5 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 36 யூனிட். இடி மழை வந்தால் ப்ளக்கோடு கேபிள் ஒயரையும் பிடுங்கிவிடுங்கள், அது வழியாகவும் அடிக்கும். சத்தம்தான் எல்லா மெல்லிய டிவியிலும் சொத்தை. சவுண்ட்பார் பிறகு வாங்கினாலும் போதும், டிவி சத்தத்தை அதற்கு அனுப்பும் எச்டிஎம்ஐ ஏஆர்சி பாயிண்ட் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வையுங்கள். விலை பேசும்போது ஒன்று: 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகிவிட்டது. அதற்கு முந்தைய விலையை அடித்துக் காட்டி ஆஃபர் என்பார்கள், ஏமாறாதீர்கள்.

டெலிவரி ஆள் நிற்கும்போதே பெட்டியைப் பிரித்து, போனில் வீடியோ எடுத்து, முழு வெள்ளைப் படம் ஒன்று, முழுக் கறுப்பு ஒன்று போட்டுக் கீறல், கோடு பாருங்கள். படுக்க வைத்துக் கொண்டுவந்தால் வாங்கவே வேண்டாம். பெட்டியை உடனே பேப்பர்காரருக்குப் போடாதீர்கள், மாற்ற வேண்டி வந்தால் கேட்பார்கள். எங்களுடையது இன்னும் பரணில் இருக்கிறது. அதற்குள் இப்போது அம்மாவின் பழைய தலையணைகள்.