வேகத்தடை போட்டால் மட்டும் தெரு பாதுகாப்பாகிவிடுமா?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த் பகுதியில் பள்ளிக்கூடத் தெருவுக்கு வேகத்தடை போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. தடைக்கு முன்னால் பிரேக், தாண்டியதும் ஒரே மிதி, டர்பனில் பார்க்காததா! ஊருக்குள் பொதுவான வேக வரம்பு 60 கிலோமீட்டர். அதை 30 ஆக்கினால் மோதும் வண்டியின் ஆற்றல் கால்வாசியாகிவிடும். ஆனால் பலகை நட்டதற்காக யாரும் குறைக்க மாட்டார்கள், தெருவின் அமைப்புதான் குறைக்க வைக்கும். வண்டித் தடத்தை 3 மீட்டர் அளவுக்குச் சுருக்கி, மிச்சத்தை நடைபாதைக்குக் கொடுங்கள். முனைகளில் நடைபாதையை வெளியே நீட்டினால் திரும்புகிற வண்டி மெதுவாகும், பிள்ளைகள் கடக்கும் தூரமும் குறையும்.

அப்புறம் டாக்ஸி, அதாவது ஆட்களை ஏற்றி இறக்கும் மினிபஸ். மினிபஸ்காரர்களைத் திட்டுவது சுலபம், ஒதுங்கி நிறுத்த இடம் கொடுத்தோமா? அந்த நிறுத்தம், பிள்ளைகள் தெருவைக் கடக்கும் கடவையைத் தாண்டி இருக்க வேண்டும். முன்னாலேயே வைத்தால் இறங்கிய பிள்ளை நிற்கும் வண்டியின் மூக்குக்கு முன்னால் ஓடும், முந்திக்கொண்டு வரும் காருக்கு அது கடைசி நொடி வரை தெரியாது.

வேகத்தடைதான் வேண்டும் என்றால், கடவையையே நடைபாதை உயரத்துக்கு மேடாகக் கட்டச் சொல்லி நகராட்சியிடம் கேளுங்கள். பணம் இல்லை என்பார்கள். சரி, தடத்தைச் சுருக்குவதையும் முனைகளை நீட்டுவதையும் முதலில் பெயின்ட்டும் பிளாஸ்டிக் கம்பங்களும் வைத்துச் சோதித்துப் பார்க்கட்டும்.