டயாலிசிஸ் செய்துகொள்பவரின் அசதியை அளக்க முடியுமா?

கேள்வி இதுதான்: "அப்பச்சிக்குக் காரைக்குடியில் வாரம் மூன்று டயாலிசிஸ். நான் சென்னையில் இருக்கிறேன். எப்போது போன் செய்தாலும் அசதி என்கிறார். ரிப்போர்ட் எல்லாம் சரியாக இருக்கிறதாம். இந்த அசதியை அளந்து டாக்டரிடம் காட்ட வழி இருக்கிறதா?" நான் அந்தப் பக்கத்தில் டயாலிசிஸ் டெக்னீஷியனாக வேலை பார்ப்பவன், அதனால் எழுதுகிறேன்.

வழி இருக்கிறது. ஆனால் யூரியா, கிரியாட்டினின், பொட்டாசியம் எதைப் பார்த்தும் அசதி எவ்வளவு என்று சொல்ல முடியாது. ஹீமோகுளோபின் குறைந்தால் அசதி வரும், சரி. அது 11 இருந்தும் படியேற முடியாமல் உட்கார்ந்துவிடுகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். அவரிடமே கேட்டுத்தான் ஆக வேண்டும், அதுவும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி. "எப்படி இருக்கீங்க" என்று கேட்டால் நம்ம ஊரில் "நல்லா இருக்கேன்" என்றுதான் வரும். பிள்ளைகள் வெளியூரில் இருந்தால் அதை இன்னும் அழுத்திச் சொல்வார்கள். உங்கள் அப்பச்சி போனில் அசதி என்று வாய்விட்டுச் சொல்கிறார் என்றால் தயவுசெய்து அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

டயாலிசிஸ் ஆராய்ச்சிகளில் எதையெல்லாம் கட்டாயம் அளக்க வேண்டும் என்று நோயாளிகள், குடும்பத்தார், டாக்டர்கள் எல்லாரையும் கேட்டு முடிவு செய்த 'ஸாங்' என்ற சர்வதேச முயற்சி ஒன்று உண்டு. உயிரிழப்பு, இதயநோய், ஊசி போடும் ஃபிஸ்டுலா போன்ற ரத்தக்குழாய் வழி, இவற்றோடு நான்காவதாக அசதியும் அதில் இடம்பிடித்தது. டயாலிசிஸ் முடிந்ததும் துவண்டு போவதை டாக்டர்களைவிட நோயாளிகளும் குடும்பத்தாரும்தான் பெரிதாகச் சொன்னார்கள். அதை அளக்க அவர்கள் வைத்திருப்பது மூன்றே கேள்விகள். கடந்த ஒரு வாரத்தில் களைப்பாக இருந்ததா? தெம்பு இல்லாமல் இருந்ததா? அந்த அசதியால் வழக்கமான வேலைகள் தடைப்பட்டனவா? ஒவ்வொன்றுக்கும் இல்லவே இல்லை என்றால் 0, கொஞ்சம் 1, நிறைய 2, மிகக் கடுமை 3. கூட்டினால் அதிகபட்சம் 9.

'ஃபாசிட்' என்று 13 கேள்விகள் உள்ள அளவுகோலும் இருக்கிறது. அதில் 52-க்கு எவ்வளவு அதிகம் வாங்குகிறாரோ அவ்வளவு அசதி குறைவு என்று பொருள். வீட்டுக்கு அந்த மூன்று கேள்வியே போதும் என்பது என் எண்ணம்.

அதோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேளுங்கள். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி அது: டயாலிசிஸ் முடிந்து எவ்வளவு நேரத்தில் பழைய நிலைக்கு வருகிறீர்கள்? பல நாடுகளில் நடந்த ஆய்வில், இதற்கு 12 மணி நேரத்துக்கு மேல் ஆகிறவர்களுக்கு ஆஸ்பத்திரியில் சேர வேண்டி வருவதும் உயிரிழப்பும் அதிகம் என்று தெரிந்தது.

பள்ளத்தூர்ப் பக்கமிருந்து வருகிற ஒரு ஆச்சியிடம் இதைக் கேட்டேன். முதலில் "கொஞ்ச நேரந்தான் தம்பி" என்றார். அப்புறம், "வீட்டுக்குப் போய் எப்ப ஆச்சி அடுப்படிக்குப் போனீங்க?" என்று மாற்றிக் கேட்டேன். "வளவுல பாயை விரிச்சுப் படுத்தா மறுநாள் மத்தியானந்தான் எந்திரிக்கிறேன்." காலையில் முடித்துப் போனவர்! அதைச் சீட்டில் எழுதி டாக்டரிடம் கொடுத்தேன். பார்த்தால், இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் எடை நிறைய ஏறி வருகிறது. கஞ்சிக்குத் தினமும் மோர்மிளகாயும் ஊறுகாயும். உப்பு தாகத்தைக் கிளப்பும், தாகத்துக்குத் தண்ணீர் குடிப்பார்கள், அத்தனையையும் நாங்கள் நான்கு மணி நேரத்தில் இழுத்தாக வேண்டும். 60 கிலோ ஆளுக்கு 4 லிட்டர் எடுத்தால் கிலோவுக்கு மணிக்கு 17 மில்லி அளவில் போகும். 13-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதுதான் நல்லது என்பார்கள். தாண்டினால் பிரஷர் இறங்கும், கால் பிடித்து இழுக்கும், வீட்டுக்குப் போய்ச் சுருண்டு படுத்துவிடுவார்கள். டாக்டர் டிரை வெயிட்டை, அதாவது உடம்பில் கூடுதல் தண்ணீர் இல்லாதபோது இருக்க வேண்டிய எடையை, திரும்பப் பார்த்து, டயாலிசிஸ் நேரத்தை அரை மணி கூட்டினார். ஆச்சியும் மோர்மிளகாயை விட்டார். பிறகு கேட்டபோது, "சாயங்காலம் வெளக்கேத்த எந்திரிச்சுட்டேன்" என்றார்.

எல்லாருக்கும் காரணம் தண்ணீராக இருக்காது. இரும்புச் சத்து, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது, ராத்திரியில் காலை ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றுவது, புரதம் போதாத சாப்பாடு, பிரஷர் மாத்திரை, மனச்சோர்வு, எதுவாகவும் இருக்கலாம். மனச்சோர்வை இங்கே யாரும் வாய்திறந்து சொல்வதில்லை என்பதால் அதைப் பற்றி டாக்டரிடம் நீங்களே கேட்டுவிடுங்கள்.

குறித்து வைக்கும்போது வாரத்தில் ஒரே கிழமையாகப் பாருங்கள். இரண்டு நாள் இடைவெளிக்குப் பின் வருகிற டயாலிசிஸும் நடுவாரத்து டயாலிசிஸும் ஒன்றல்ல. பதில் அப்பச்சியின் வாயிலிருந்து வரட்டும், பக்கத்தில் இருப்பவர் அவருக்காகச் சொல்ல வேண்டாம். சுவரில் தொங்குகிற மாதக் காலண்டரில் அந்த எண்ணையும் எழுந்த நேரத்தையும் எழுதினால் போதும். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி நீங்களும் பாருங்கள்.

மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்களுக்கும் இதே மாதிரி கேட்கலாம். அசதி பெரும்பாலும் குறையும், ஆனால் அடியோடு போய்விடும் என்று நினைத்து ஏமாந்து நிற்கிறவர்கள் உண்டு. ஸ்டீராய்டு தசையை மெலிய வைக்கும், தூக்கத்தைக் கெடுக்கும். ரத்தசோகையும் வரலாம். அதற்காக யாரும் தாங்களாக மாத்திரையைக் குறைக்கக் கூடாது, சிறுநீரகமே போய்விடும்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் காலண்டர், கணக்கு எதுவும் வேண்டாம். டயாலிசிஸில் இருப்பவருக்குத் திடீரென்று கை கால் வலுவிழந்தாலோ, படபடப்போ மூச்சு வாங்கலோ சேர்ந்து வந்தாலோ, பொட்டாசியம் ஏறியிருக்கலாம். மாற்றுச் சிறுநீரகக்காரருக்குக் காய்ச்சலோடு அசதி வந்தால் நோய்த்தொற்றாக இருக்கலாம். இரண்டிலும் அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள், அடுத்த டயாலிசிஸ் வரை காத்திருக்க வேண்டாம்.