பவர் ஸ்டேஷன் (கையில தூக்கிட்டுப் போற பெரிய பேட்டரிப் பெட்டி) ஒரு பக்கம் உப்பியிருக்கு, சார்ஜ் போடலாமா?

போடாதீங்க. இப்பவே பிளக்கைப் பிடுங்கிடுங்க. "லேசா உப்பியிருக்கு, ஆனா நல்லாத்தான் ஓடுது"ன்னு எழுதியிருக்கீங்க. உப்பின பேட்டரி, தீப்பிடிக்கிறதுக்கு முந்தின நிமிஷம் வரைக்கும்கூட நல்லா ஓடலாம்.

பெரும்பாலும் பேட்டரி செல்லுக்குள்ள இருக்கிற எலக்ட்ரோலைட்ங்கிற திரவம் சிதைஞ்சு வாயு சேர்ந்திருக்கும். வெயில்ல நின்ன காருக்குள்ள வச்சிருந்தீங்களா? கீழே விழுந்துச்சா?

சந்தேகமா இருந்தா ஒரு ஸ்கேலை அந்தப் பக்கத்து மேல வச்சுப் பாருங்க. நடுவுல முட்டி ஆடினா உப்பல்தான். பிளக் எடுத்து ரெண்டு மணி நேரம் ஆகியும் சூடா இருந்தாலோ, நெயில் பாலிஷ் மாதிரி நெடி அடிச்சாலோ அது இன்னும் மோசம்.

புகை, சீறல் எதுவும் இல்லாதப்ப மட்டும் வெளியே, எரியக்கூடிய எதுவும் பக்கத்துல இல்லாத சிமெண்ட் தரைக்கு மாத்துங்க. வாசல் வழியில வேண்டாம். தீப்பிடிச்சா நீங்க வெளியேற வேண்டிய வழி அதுதான். புகை வந்துட்டா தொடாம எல்லாரும் வெளியேறி, தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்க.

எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகை பேட்டரின்னா தீப்பிடிக்கிற வாய்ப்பு குறைவு, உண்மைதான். உப்பினதுக்கு அப்புறம் அதை நம்பி உட்காராதீங்க. திருகைக் கழட்டிப் பார்க்கிற ஆசையும் வேண்டாம், குப்பைத் தொட்டியும் வேண்டாம். தயாரிப்பாளரையோ மின்கழிவு மையத்தையோ கேளுங்க.