பல் சிகிச்சைப் பயம்: கேட்டவர்களுக்கு ஒரு பல் மருத்துவரின் பதில்கள்

பல் வலியைவிட, அதற்குச் செய்யும் சிகிச்சையின் வலியைப் பற்றித்தான் அதிகம் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஊசியைப் பார்த்தாலே கை கால் உதறுகிறது டாக்டர். வலிக்காமல் போடவே முடியாதா?

பெரும்பாலும் முடியும். ஊசி குத்துவதைவிட, மருந்தை வேகமாக உள்ளே தள்ளுவதுதான் அதிகம் வலிக்கும். ஒரு குப்பியில் இருப்பது 1.8 மில்லி அளவு மருந்துதான். அதைச் செலுத்த ஒரு நிமிடத்துக்கு மேலேயே எடுத்துக்கொள்ளலாம். அதற்கு முன் ஈறை நன்றாகத் துடைத்து உலர்த்தி, மரத்துப்போகும் ஜெல்லைத் தடவி, ஓரிரு நிமிடம் விட வேண்டும். ஜெல்லைத் தடவிய கையோடு ஊசியை எடுத்தால் தடவியதில் பயனில்லை. "ஜெல் போட்டுக் கொஞ்சம் விட்டுப் போடுங்க, மெதுவா போடுங்க" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். மேல் அண்ணத்தில் போடும் ஊசி மட்டும் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருக்கும். அதை மறைத்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கருவிகள் இருக்கும் தட்டைப் பார்க்காமல் இருந்தாலே பாதி நடுக்கம் குறையும்.

ஊசி போட்டதும் நெஞ்சு படபடவென்று அடித்தது. அலர்ஜியா?

அநேகமாக இல்லை. மருந்து போட்ட இடத்திலேயே அதிக நேரம் தங்குவதற்காக லிக்னோகைன் என்ற மரக்கும் மருந்துடன் மிகக் குறைந்த அளவில் அட்ரினலின் சேர்ப்பார்கள். 80,000-க்கு ஒரு பங்கு என்பது வழக்கமான அளவு. அதில் கொஞ்சம் ரத்தத்தில் கலந்தால் படபடப்பு வரும், சில நிமிடங்களில் அடங்கிவிடும். பயத்தில் உடம்பே சுரக்கும் அட்ரினலினும் இதில் சேர்ந்துகொள்ளும். தடிப்பு, முகவீக்கம், மூச்சிரைப்பு வந்தால் அது வேறு விஷயம், உடனே சொல்ல வேண்டும். இதய நோய் இருப்பவர்கள் ஊசிக்கு முன்பே தெரிவித்துவிடுங்கள்.

கீழ் கடைவாய்ப்பல்லுக்கு ரூட் கேனால். உதடு மரத்துவிட்டது, ஆனால் டிரில் பட்டதும் உயிர் போனது. டாக்டர் "வலிக்காதே" என்கிறார். எனக்கு மட்டும்தான் இப்படியா?

நிறைய பேருக்கு நடப்பதுதான். கீழ்த்தாடையின் பின்பக்க எலும்பு கெட்டியானது, மருந்து அதன் வழியாக எளிதில் இறங்காது. அதனால் நரம்பு தாடைக்குள் நுழையும் இடத்தருகே போட வேண்டியிருக்கிறது. அந்த இடம் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். இதற்கு மேல் பல்லின் கூழ், அதாவது பல்லுக்குள் நரம்பு இருக்கும் மென்மையான பகுதி, வீங்கியிருந்தால் அதன் நரம்புகள் சும்மா தொட்டாலே சீறும் நிலையில் இருக்கும். சீழ் பிடித்த இடத்தில் அமிலத்தன்மை கூடுவதால் அங்கேயே போடும் மருந்து நரம்புக்குள் சரியாக நுழையாது.

உதடு மரத்துவிட்டது என்பதற்காகப் பல்லும் மரத்துவிட்டதாக எடுத்துக்கொள்ள முடியாது. பல்லின் மேல் குளிர்ந்த பஞ்சை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கூச்சம் இருந்தால் டிரில்லை எடுக்கவே கூடாது. பல்லுக்கும் எலும்புக்கும் இடையே, எலும்புக்குள்ளே, கடைசி வழியாகக் கூழுக்குள்ளேயே என்று கூடுதலாக மருந்து போட இடங்கள் இருக்கின்றன. கூழுக்குள் போடுவது சில நொடி கடுமையாக வலிக்கும், அப்புறம் சட்டென்று அடங்கிவிடும். எதற்கும் மசியவில்லை என்றால் மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைத்து அனுப்பிவிட்டு, இன்னொரு நாள் செய்யலாம். "கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்பது வைத்தியமே இல்லை.

ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: அழுத்தமும் இழுப்பும் மரத்த பிறகும் தெரியும். பல் எடுக்கும்போது அது பயமுறுத்தும், ஆனால் அது வலி இல்லை. சுருக்கென்று குத்தினால்தான் வலி. ஆரம்பிக்கும் முன்பே "இடது கையைத் தூக்கினால் நிறுத்துங்கள்" என்று பேசிவையுங்கள். ஒருமுறை வலிக்காதபோதும் தூக்கிப் பாருங்கள். அவர் நிறுத்துகிறார் என்று தெரிந்தபின் உடம்பு தானாகத் தளரும்.

ஆறு வயது மகளை எப்படித் தயார் செய்வது?

"வலிக்கவே வலிக்காது" என்று சத்தியம் செய்யாதீர்கள். "சேட்டை பண்ணினால் டாக்டர் ஊசி போடுவார்" என்று ஏற்கெனவே மிரட்டியிருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். சிகிச்சை முடிந்த பின்தான் கவனம் தேவை. உதடு இரண்டு மூன்று மணி நேரம் மரத்திருக்கும், குழந்தைகள் விளையாட்டாகக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வார்கள். உணர்ச்சி திரும்பும்வரை மென்று சாப்பிடும் எதையும் தர வேண்டாம்.

வாயில் எதை வைத்தாலும் குமட்டுகிறது.

மூக்கால் மூச்சு விடுங்கள், ஒரு காலை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். கவனம் காலுக்குப் போனால் குமட்டல் தணியும். நாற்காலியை நிமிர்த்தச் சொல்வதும் உதவும்.

பல் எடுத்து மூன்றாம் நாள். வலி குறையாமல் கூடுகிறதே?

குழியில் இருந்த ரத்தக்கட்டி கலைந்து எலும்பு வெளியே தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். காதுவரை இழுக்கும் வலியும் வாய் நாற்றமும் இருந்தால் அதுதான் அநேகம். புகைப்பவர்களுக்கு அதிகம் வரும், ஸ்ட்ராவால் உறிஞ்சுவதும் காறித் துப்புவதும் கட்டியைக் கலைத்துவிடக்கூடும். மருத்துவரிடம் திரும்பப் போங்கள். கழுவி மருந்து வைத்தால் சீக்கிரமே ஆறுதல் கிடைக்கும்.

பொதுவாக, பல் எடுத்தபின் மரப்பு விடுவதற்கு முன்பே முதல் மாத்திரையைப் போட்டுவிடுவது நல்லது. ஐபுப்ரோஃபென், பாராசிட்டமால் இரண்டும் சேர்ந்தால் தனித்தனியாகப் போடுவதைவிட நன்றாகக் கேட்கும். அளவை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், ரத்தம் உறையாமலிருக்க மருந்து, கர்ப்பம் என்றால் ஐபுப்ரோஃபென்னைக் கேட்காமல் தொடாதீர்கள். ஆஸ்பிரினைப் பொடித்து ஈறில் வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஈறு வெந்துபோகும், வலி போகாது.

மேல் பல்லை எடுத்தால் கண் பார்வை போய்விடுமா?

போகாது. பல்லுக்கு வரும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு.

பல வருடமாகப் போகவில்லை. திட்டுவார்களோ என்று வெட்கம். பயம் வேறு.

முதல் தடவை "இன்று பார்க்க மட்டும்தான், எதுவும் செய்ய வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். காலையில் முதல் ஆளாக நேரம் வாங்குங்கள், நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. திட்டுகிற மருத்துவரை மாற்றிவிடலாம். இதெல்லாம் போதாவிட்டால் நைட்ரஸ் ஆக்சைடு வாயு இருக்கிறது. 1844-இல் ஹொரேஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர் அதைச் சுவாசித்துத் தன் பல்லையே எடுக்கவைத்தார். இன்று ஆக்சிஜனோடு கலந்து தருகிறார்கள். நினைவு தப்பாது, பதற்றம் மட்டும் குறையும், நிறுத்திய சில நிமிடங்களில் தெளிந்துவிடும்.

வெறும் வயிற்றோடுதான் வர வேண்டுமா?

மரக்கும் ஊசி மட்டும் என்றால் சாப்பிட்டுவிட்டே வாருங்கள். பசியும் பயமும் சேர்ந்தால்தான் மயக்கம் போடுகிறார்கள். முழு மயக்க மருந்து என்றால் மட்டும் எத்தனை மணி நேரம் சாப்பிடக்கூடாது என்று முன்கூட்டியே சொல்வார்கள்.